அது ஹம்மிங் பேர்ட் இல்லை, சார்!

போன செவ்வாய்க்கிழமை காலை அம்மா மண்டபம் பக்கம் நடந்துவிட்டு வந்து, காபி டம்ளரைக் கையில் எடுத்தேன். செல்போனில் டிங் என்று ஒரு சத்தம். எங்கள் பென்ஷனர் நண்பர்கள் குழுவில் ஒருவர் வீடியோ அனுப்பியிருந்தார். பச்சை நிறத்தில் மினுமினுக்கும் ஒரு சின்னப் பறவை, நீண்டு தொங்கும் ஒரு பூவின் முன்னால் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. அதன் அலகு உடம்பைவிட நீளம். கத்தியைச் சொருகுவதுபோல் அலகைப் பூவுக்குள் விடுகிறது, எடுக்கிறது, பின்பக்கமாகவே பறந்து விலகுகிறது. கீழே ஒரு வாசகம்: 'நம் கொல்லிமலைக் காட்டில் மட்டுமே வாழும் அதிசய ஹம்மிங் பேர்ட். தமிழனாக இருந்தால் பகிரவும்.'

அரை மணி நேரத்தில் பதினோரு பேர் கும்பிடு போட்டுவிட்டார்கள். நான் மட்டும், "அது ஹம்மிங் பேர்ட்தான். ஆனால் கொல்லிமலை இல்லை" என்று எழுதினேன். உடனே ஒரு நண்பர், "ஏன் சார், எங்க வீட்டுச் செம்பருத்தியிலேயே தினமும் ஹம்மிங் பேர்ட் வருதே! கொல்லிமலையில இருக்கக்கூடாதா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குக் குழுவில் பதில் எழுதினால் கட்டைவிரல் தேய்ந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீடியோவில் வந்த பறவை. வாள் போன்ற அலகு உடையது என்ற பொருளில்தான் அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். வாலைக் கழித்துவிட்டுப் பார்த்தால், தன் உடம்பைவிட நீளமான அலகு கொண்ட பறவை உலகத்திலேயே இது ஒன்றுதான். ஆணுக்கு உடம்பு முழுக்கப் பச்சை, தலையில் கொஞ்சம் வெண்கலச் சாயல். பெண்ணுக்கு வயிற்றுப்பக்கம் வெளுத்துப் புள்ளி புள்ளியாக இருக்கும். கிளையில் உட்காரும்போது அலகை மேல்நோக்கித் தூக்கி வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பாரம் தாங்காது. மற்றப் பறவைகள் அலகால் இறகு கோதும். இதற்கு அலகு எட்டாது என்பதால் காலால்தான் கோதிக்கொள்கிறது.

இது வாழும் இடம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். வெனிசுவேலாவிலிருந்து பொலிவியா வரைக்கும், மேகம் இறங்கி மரத்தோடு மரமாகப் படுத்திருக்கும் ஈரக்காடுகள். உயரம் பொதுவாக 2,500 மீட்டரைச் சுற்றியும் அதற்கு மேலும். நம் தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். அதாவது நம் மலைகள் முடிகிற உயரத்தில்தான் அந்தப் பறவையின் ஊரே ஆரம்பிக்கிறது. கொல்லிமலையோ சுமார் 1,300 மீட்டர். அங்கே நீண்ட குழல் போன்ற பூக்களைப் பூக்கும் கொடிகள் உண்டு. நம் ஊமத்தைக்குச் சொந்தக்காரச் செடிகளும் உண்டு. அந்தக் குழலின் அடியில் இருக்கும் தேன் வேறு யாருக்கும் எட்டாது, இதற்கு எட்டும். பூவுக்கும் பறவைக்கும் இடையே அப்படி ஓர் ஒப்பந்தம்.

இந்த ஓர் இனம் மட்டும் இல்லை. ஹம்மிங் பேர்ட் குடும்பத்தில் 350-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே தென் அமெரிக்காவின் வால் முனைவரை அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில்தான் வாழ்கின்றன. ஆசியாவில் ஒன்றுகூட இல்லை. கொல்லிமலையில் இல்லை, ஊட்டியில் இல்லை, உங்கள் வீட்டுச் செம்பருத்தியிலும் இல்லை.

இதைக் கொஞ்சம் அதட்டலாகச் சொல்கிறேனே தவிர, ஐம்பது வருஷம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழையவர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டாலும், நான் படித்த பள்ளியில் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு. நடுவில் கடற்கரைக் காற்று.

வாசிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் 'கொலிப்ரி' என்று போட்டுப் படம் இருந்தது. அதற்கு இன்னொரு பெயர் 'வாஸோ மூஷ்'. ஈயளவு பறவை என்று அர்த்தம். அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு, ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடியில் ஒரு குட்டிப் பறவை வந்து தலைகீழாகத் தொங்கியது. எங்கள் மதாம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "பாருங்கள் பிள்ளைகளே, கொலிப்ரி!" என்றார். முப்பது தலை திரும்பியது. அன்றைக்கு என் மனசில் விழுந்த பெயர் அது. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம், "நம்ம ஊர்ல கொலிப்ரி இருக்கு" என்றேன். அம்மா முறத்திலிருந்து நிமிராமலே, "அது தேன்சிட்டுடா" என்றார்.

அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அதனால் நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சொன்னது சரி என்று தெரிய எனக்கு அறுபது வயதாக வேண்டியிருந்தது.

பிரெஞ்சிலேயே நம் தேன்சிட்டுக்கு வேறு பெயர் இருக்கிறது. 'சுயிமாங்கா' என்பார்கள். மடகாஸ்கர் தீவு மக்களின் மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட சொல். மதாமுக்கு அது தெரிந்திருக்க நியாயம் இல்லை. பாடப்புத்தகத்தில் கொலிப்ரிதானே இருந்தது! நம் ஊர்ப் பறவைக்கு எங்கள் புத்தகத்தில் இடமே இல்லை.

சரி, இரண்டும் ஏன் ஒன்றுபோலத் தெரிகின்றன? இரண்டும் சின்ன உடம்பு, இரண்டுக்கும் வளைந்த அல்லது நீண்ட அலகு, இரண்டும் வெயில் பட்டால் பட்டுப்புடவை மாதிரி நிறம் மாறும், இரண்டும் பூவிலிருந்து தேன் எடுக்கும். ஆனால் உறவு கிடையாது. என் உத்தியோக அனுபவத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். திருச்சியில் முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவருக்கும் திருநெல்வேலியில் முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவருக்கும் முதுகு ஒரே மாதிரி வளைந்திருக்கும், கண்ணாடி ஒரே மாதிரி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்கும். அதனால் அவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள். ஒரே வேலை, ஒரே வளைவு. அங்கே பூவில் தேன் எடுக்க ஒரு குடும்பம் வந்தது, இங்கே அதே வேலைக்கு வேறொரு குடும்பம் வந்தது. அவ்வளவுதான்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். ஹம்மிங் பேர்ட் பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றே குடிக்கும். சிறகை வினாடிக்கு ஐம்பது தடவைக்கு மேலும் அடிக்கும் இனங்கள் உண்டு. அந்த ரீங்காரத்தால்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயரே வந்தது. நம் தேன்சிட்டு உட்கார்ந்து சாப்பிடும் ரகம். காம்பைப் பிடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு குடிக்கும். எப்போதாவது ஒரு கணம் அந்தரத்தில் படபடக்கும். அந்த ஒரு கணத்தைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். செம்பருத்தி மாதிரிப் பெரிய பூவாக இருந்தால் நேர்வழியில் போகாமல் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டும் தேனை எடுத்துவிடும். தபால் வழி இருக்க, நேரே செக்ஷனுக்குள் நுழைந்து ஃபைலை நகர்த்துகிறவர்கள் நம் காலத்திலும் உண்டே!

இன்னொரு விஷயம் எனக்கே வியப்பாக இருந்தது. ஹம்மிங் பேர்டின் உண்மையான உறவுக்காரர் யார் தெரியுமா? உழவாரன் குருவி. பிரெஞ்சில் 'மர்த்தினே'. நம் ராஜகோபுரம் 236 அடி. சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரத்தில் அதைச் சுற்றிக் கீச்கீச் என்று கத்திக்கொண்டு அரிவாள் மாதிரிச் சிறகோடு கூட்டமாக வட்டமடிக்கும் கறுப்புக் குருவிகளைப் பார்த்திருப்பீர்கள். அவைதான். பழைய கோட்டைகளிலும் கோபுரங்களிலும் கூடு கட்டுகிறவை. இரண்டுக்கும் கால் பேருக்குத்தான் இருக்கிறது, எல்லாம் சிறகு சம்பாத்தியம். ஆக, ஹம்மிங் பேர்டின் சொந்தத்தைப் பார்க்க வேண்டுமானால் செம்பருத்தியைப் பார்க்காதீர்கள், கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள்.

இப்போது நம் வீட்டுப் பறவைக்கு வருகிறேன். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் மூன்று வகைத் தேன்சிட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். பேராசிரியர் க. ரத்னம் எழுதிய பறவைப் புத்தகமும், பக்கத்துத் தெருவில் கேமராவோடு அலையும் ஓர் இளைஞரும்தான் என் குருமார்கள்.

முதலாவது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. அதிகம் கண்ணில் படுவது இதுதான். அலகோடு சேர்த்தே பத்து சென்டிமீட்டர் வராது. ஆணுக்கு உச்சந்தலையில் நீலப்பச்சை, தோளில் ஒரு பச்சைப் பொட்டு, தொண்டையும் இடுப்பும் ஊதா, முதுகு அரக்கு, வயிறு பளிச்சென்று மஞ்சள். பெண்ணுக்குத் தொண்டை வெளுப்பு, மார்பு மஞ்சள், முதுகு பழுப்பு. எளிமையான பருத்திப்புடவை.

இரண்டாவது ஊதாத் தேன்சிட்டு. ஆண் தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு. வெயில் பட்டதும் நீலமும் ஊதாவுமாக மின்னும். குடும்பம் நடத்தும் காலம் முடிந்ததும் அந்த ஜரிகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண்ணைப் போலவே ஆகிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சம் இருக்கும்.

மூன்றாவது லோட்டன் தேன்சிட்டு. ஊதாத் தேன்சிட்டு மாதிரியே இருக்கும். ஆனால் அலகு இன்னும் நீளம், நன்றாக வளைந்திருக்கும். மார்பில் அரக்குப் பட்டை உண்டு. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் முக்கியமான ஊர். லோட்டன் யார் என்றால், 1750-களில் இலங்கையில் இருந்த டச்சு கவர்னர். நம் முருங்கைப்பூவில் தேன் குடிக்கும் பறவைக்கு அவர் பெயர்! எங்கள் புதுச்சேரியில் இருந்த சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர், நம் காட்டுக்கோழியின் விஞ்ஞானப் பெயரில் இன்றைக்கும் இருக்கிறது. அவர்கள் பார்த்தார்கள், எழுதி வைத்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். நாம் பார்க்கவில்லை என்பதுதான் என் குறை.

மலைக்காட்டுத் தேன்சிட்டு வேண்டுமா? அதுவும் நம்மிடம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்னத் தேன்சிட்டு உண்டு. எட்டு சென்டிமீட்டர்தான். ஆணுக்கு முதுகு கருஞ்சிவப்பு. சில வருஷங்களுக்கு முன் வால்பாறை போனபோது ஒரு காப்பித் தோட்டத்து ஓரத்தில் அதைப் பார்த்தேன். மனைவியின் கட்டைவிரல் அளவு என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள், என் கட்டைவிரல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதை யாராவது வீடியோ எடுத்து 'பகிரவும்' என்று போட்டால் நானே முதலில் பகிர்வேன்.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் தகவல். இனிமேல் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

ஓய்வு பெற்று மூன்றாவது வருஷம், போகிக்கு முந்தின நாள். அப்போது உத்தர வீதியின் பின்பக்கம் ஒரு பழைய வீட்டில் இருந்தோம். கொல்லைத் தாழ்வாரத்தில் பழைய மின்சார ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் ஒட்டடையும் குப்பையும் சேர்ந்து ஒரு கொத்தாகப் பல நாளாகத் தொங்கியது. காய்ந்த இலைத் தூள், பட்டைச் சிராய், புழுவின் கழிவு, எல்லாவற்றையும் சிலந்தி நூலில் சுற்றி வைத்த மாதிரி. பார்த்தால் யாரும் குப்பை என்றுதான் சொல்வார்கள். ஒட்டடைக்கோலை எடுத்து ஒரே தட்டு. விழுந்தது. துடைப்பத்தால் கூட்ட வந்த மனைவி குனிந்தவள் நிமிரவில்லை.

"என்னங்க, இதுல முட்டை இருக்குங்க."

இரண்டு முட்டைகள். வெளுத்த நிறத்தில் பழுப்புப் பொடிப் புள்ளிகள். ஒன்று உடைந்திருந்தது, மற்றொன்றில் விரிசல். நகத்தளவுதான் இருக்கும். அப்புறம்தான் பார்த்தேன், அந்தக் குப்பைக்குப் பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேலே மழை படாமல் ஒரு சின்னத் தாழ்வாரம், உள்ளே மெத்தென்று பஞ்சு. நான் இருந்த எந்த வாடகை வீட்டிலும் அவ்வளவு நேர்த்தியாக யாரும் சன்னல் வைத்துத் தரவில்லை.

அந்தப் பெண் குருவி மத்தியானம் முழுக்க வந்து வந்து போனது. ஒயரின் நுனியில் உட்காரும், கீழே பார்க்கும், துணிக்கொடிக்குப் போகும், திரும்ப வரும். கூட்டைக் கட்டுவது முழுக்க அந்தப் பெண்தான் என்று பிறகு படித்தேன். குப்பை மாதிரித் தெரிவதே அதற்குப் பாதுகாப்பு. காக்காயை ஏமாற்றும், பாம்பை ஏமாற்றும். என்னையும் ஏமாற்றியது, ஆனால் அதன் கணக்கில் ஒட்டடைக்கோல் இல்லை.

வருஷக்கணக்காக அந்தப் பறவையைக் கொல்லையில் பார்த்து, வந்தவர்களிடம் எல்லாம் "கொலிப்ரி, கொலிப்ரி" என்று பெருமையாகக் காட்டியவன் நான். அது எங்கே தூங்கும், எதில் கூடு கட்டும் என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்றால், எனக்கு அதைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரவல் பெயர் கையில் இருந்ததால், சொந்த விவரம் தேவைப்படவில்லை. 'ஹம்மிங் பேர்ட்' என்று கூப்பிட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். அந்தப் பெயரில் தேடினால் அமெரிக்கக் கூட்டின் படம் வரும். கிளைமேல் கிண்ணம் மாதிரி இருக்கும். நம் கூடு தொங்கும் குப்பை மாதிரி இருக்கும். கிண்ணத்தைத் தேடுகிறவன் குப்பையைத் தட்டிவிடுவான். நான் தட்டினேன்.

போன மாதம் கலிபோர்னியாவிலிருந்து பேரன் பேசினான். அங்கே பால்கனியில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் குப்பியில் நிஜ ஹம்மிங் பேர்டே வருகிறதாம். "உங்களுக்கு ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமா தாத்தா?" என்றான். குழந்தையின் ஆசை, மறுப்பதற்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன். நம் ஊர் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் புளித்துவிடும், தினமும் கழுவாவிட்டால் பறவைக்குத்தான் கெடுதல். அதைவிட முக்கியமானது, தேன்சிட்டுக் குஞ்சு தேனில் வளர்வதில்லை. சிலந்தியும் சின்னப் பூச்சியும் கொடுத்துத்தான் அம்மாவும் அப்பாவும் வளர்க்கின்றன. குப்பி பூச்சி தராது. செடி தரும்.

அந்தச் செடிகள்தான் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. பழைய வீடு இடிந்து அடுக்ககம் வந்தால் முதலில் போவது கொல்லை. கொல்லையோடு செம்பருத்தி, பவழமல்லி, முருங்கை, வாழை எல்லாம் போகும். இப்போது நான் இருக்கும் குடியிருப்பில் சுற்றுச்சுவர் ஓரம் இருந்த செம்பருத்தி வரிசையை, எறும்பு வருகிறது, கார் மேல் பூ விழுகிறது என்று வெட்டத் தீர்மானம் போட்டார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று இந்தக் கூட்டுக் கதையைப் பாதி சொன்னேன். முட்டையை விட்டுவிட்டேன், தொண்டை அடைத்தது. ஆறு செடியில் இரண்டை விட்டு வைத்தார்கள். குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தெரியும், மனுவில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் அது வெற்றி.

அதனால் உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பால்கனியில் ஒரு தொட்டி இடம் இருந்தால் செம்பருத்தியோ இட்லிப்பூவோ வையுங்கள். மருந்து அடிக்காதீர்கள். வெள்ளையடிக்க ஆள் வந்தால், ஒயரிலும் கொடிக்கயிற்றிலும் தொங்கும் ஒட்டடைக் கொத்தைத் தொடுவதற்கு முன் பக்கவாட்டில் ஒரு வாசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ஒரு மாதம் பொறுங்கள். முட்டை பொரிய இரண்டு வாரம், குஞ்சு பறக்க இரண்டு வாரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சுவர் எங்கும் ஓடிவிடாது. பேரப்பிள்ளைகள் "தாத்தா, ஹம்மிங் பேர்ட்!" என்று கத்தினால் திட்டாதீர்கள். என் அம்மா சொன்ன மாதிரி, "அது தேன்சிட்டுடா" என்று சொல்லுங்கள். கூடவே, அது எங்கே வீடு கட்டுகிறது என்றும் காட்டுங்கள். அம்மாவிடம் நான் கேட்காமல் விட்டது அதுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கீழே நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர் கண்ணாடியில் டக் டக் என்று சத்தம். மஞ்சள் வயிற்றுக்காரர் தன் பிம்பத்தோடு சண்டை போடுகிறார். கண்ணாடியில் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு வருகிறேன். இரண்டு செடிதான் மிச்சம் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.